கயிற்றின் மறுமுனையில் யார்?
(கிளியூர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் ‘ஜூபிடர்-6’ என்ற இழுவைக் கப்பலைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதையோரம் இருக்கும் இந்த வீட்டுக்கு அதன்பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடலைப் பற்றியவை. மிளகு விலையும் காட்டெருமைத் தொல்லையும் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்த முறை முழுக்கக் கடல்.

1,500 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கடல் மர்மம் எதற்கு ஐயா? நமக்கு ஏற்காடு ஏரியே போதாதா?
– செம்மடுவு வாசகர்

கடலில் காணாமல் போகிறவனின் வீடு கடற்கரையில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. சேலம் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது, ஆனால் கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உண்டு. தொலைபேசி வராத நாளில் அந்தத் தாய் பார்த்துக்கொண்டு நிற்பது மலையைத்தான்.

‘டக்’ என்பது துறைமுகத்தில் பெரிய கப்பலை முட்டித் தள்ளும் குட்டிப் படகுதானே? அதற்கும் ஒரு கேப்டனா?
– ஒண்டிக்கடை வாசகர்

சென்னைத் துறைமுகத்திலோ தூத்துக்குடியிலோ நீங்கள் பார்த்தது துறைமுக டக். காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் வேலை அது. இன்னொரு வகை கடலோடும் டக். எஞ்சின் நின்றுபோன கப்பலையும், உடைப்பதற்கு விற்ற கப்பலையும் பின்னால் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் சமுத்திரம் தாண்டும். உருவத்தில் சிறியது, அதன் உடம்பில் பெரும்பகுதி எஞ்சின்தான். பின்னால் வருவது அதைப்போல் பல மடங்கு கனம். அதற்கு எஞ்சின் ஓடாது, சுக்கான் திரும்பாது, பிரேக் என்ற பேச்சே கிடையாது. இரண்டுக்கும் நடுவில் பல நூறு மீட்டர் நீளத்துக்கு எஃகு வடம். அலை வரும்போது அந்த வடத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று நள்ளிரவில் முடிவெடுக்கிறவர்தான் டக் கேப்டன். பத்தாயிரம் பெட்டி ஏற்றிய கப்பலின் கேப்டனுக்குக் கொடுக்கும் மரியாதையில் ஒரு குன்றிமணி கூட அவருக்குக் குறைக்கக் கூடாது.

ஜூபிடர்-6க்கு என்னதான் ஆயிற்று? நாலு வரியில் முடித்துவிட்டீர்களே.
– நாகலூர், கொட்டச்சேடு, அஸ்தம்பட்டி, இன்னும் பலர்

2005ஆம் ஆண்டு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் நமீபியா நாட்டின் வால்விஸ் பே துறைமுகத்திலிருந்து ஆகஸ்ட் மாதம் ஜூபிடர்-6 புறப்பட்டது. பின்னால் கட்டியிருந்தது ‘சட்சங்’ என்ற பழைய கப்பல். போக வேண்டிய இடம் குஜராத்தின் அலங், அதாவது கப்பல் உடைக்கும் கரை. டக்கில் 13 பேர். அவர்களில் பத்துப் பேர் இந்தியர்கள், மூவர் உக்ரேனியர்கள்.

பாதை தென்னாப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வருகிறது. அந்தப் பருவத்தில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்பது உலக மாலுமிகள் எல்லாருக்கும் தெரியும். தெற்கிலிருந்து வரும் பேரலையும், கிழக்குக் கரையோரம் கீழ்நோக்கி ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டமும் நேருக்கு நேர் மோதும் இடம் அது. செப்டம்பர் முதல் வாரத்தோடு டக்கின் பேச்சு நின்றது. இழுத்து வந்த சட்சங் பிற்பாடு ஆளின்றி மிதந்துகொண்டிருந்தது. இழுத்த டக் இல்லை. அதற்கும் பிறகு அக்டோபரில், போர்ட் எலிசபெத்துக்குத் தெற்கே சுமார் 220 கடல் மைல் தொலைவிலிருந்து, டக்கின் அபாய ஒலிபரப்பி செயற்கைக்கோளுக்குக் குரல் கொடுத்தது. 220 கடல் மைல் என்றால் சேலத்திலிருந்து சென்னையையும் தாண்டிவிடும் தூரம். தேடினார்கள். டக் கிடைக்கவில்லை. பதின்மூன்று பேரில் ஒருவர் கூடக் கிடைக்கவில்லை.

இழுபட்ட இரும்புக்கு விலாசம் கிடைத்தது, இழுத்த மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. நாலு வரியில் இதை எழுதியது என் தவறுதான். இருபது ஆண்டாகியும் இது ஆறிய சமாச்சாரம் அல்ல.

ஒலிபரப்பி பற்றி ஒரு சந்தேகம். டக் செப்டம்பரில் மூழ்கியிருந்தால் கருவி ஏன் அக்டோபரில் கத்துகிறது?
– இயற்பியல் ஆசிரியை, வாழவந்தி

டீச்சர், மர்மத்தின் முடிச்சிலேயே கை வைத்திருக்கிறீர்கள்.

இந்தக் கருவியைக் கப்பல்காரர்கள் ‘ஈபர்ப்’ என்பார்கள். மேல்தளத்தில் ஒரு கூட்டுக்குள் மாட்டி வைத்திருக்கும். கப்பல் மூழ்கினால் ஒன்றரை மீட்டரிலிருந்து நாலு மீட்டர் ஆழத்துக்குள் தண்ணீரின் அழுத்தமே பூட்டைத் திறந்துவிடும். கருவி மேலே மிதந்து வந்து, 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளை அழைக்கும். அதன் பாட்டரி குறைந்தது 48 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது விதி. வாரக்கணக்கில் கத்தும் கருவி அல்ல அது.

ஆகவே இரண்டு வழிதான் உண்டு. பேச்சு நின்ற பிறகும் டக் பல நாள் கடலில் மிதந்திருக்கலாம். வானொலி போய், எஞ்சின் போய், ஆள் உயிரோடு இருந்தும் அழைக்க வழியில்லாமல் போயிருக்கலாம். இல்லையென்றால் டக் முதலிலேயே கவிழ்ந்து, கருவி ஏதோ ஒரு கம்பியிலோ கூரையிலோ சிக்கி, ஒரு மாதம் கழித்து விடுபட்டு மேலே வந்திருக்கலாம். முதல் வழி உண்மையானால், அந்த நாட்களில் தேடியிருந்தால் கிடைத்திருப்பார்கள். பெற்றவர்கள் தூங்காமல் கிடப்பது இந்த ஒரு ‘இருந்தால்’ என்ற சொல்லால்தான். மர்மம் என்று நாம் ருசித்துப் படிப்பது அவர்கள் வீட்டில் இப்படித்தான் இருக்கிறது.

கேப்டனே டக்கைக் கடத்திக்கொண்டு போய் விற்றிருப்பாரோ?
– மஞ்சக்குட்டை வாசகர்

வந்து பதில் சொல்ல முடியாதவர் மீது குற்றம் சாட்டுவதில்லை. அடுத்த கேள்வி.

அவ்வளவு பலமான டக் எப்படி ஒரு குரல் கூடக் கொடுக்காமல் மூழ்கும்?
– லாரி உரிமையாளர், அடிவாரம்

உங்களுக்குப் புரிகிற இடத்திலிருந்தே வருகிறேன். போன மழைக்காலத்தில் நம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் சில்வர் ஓக் மரம் ஏற்றிய லாரி ஓரம் சரிந்து கிடந்தது. மேலே எடுக்க சேலத்திலிருந்து கிரேன் வந்தது. கிரேன்காரர் வயசாளி. வயரை மாட்டியதும் அவர் செய்த முதல் காரியம், வேடிக்கை பார்த்த எங்கள் எல்லாரையும் மேல் வளைவுக்கு விரட்டியதுதான். “வயர் அறுந்தா சாட்டை மாதிரி வரும், காலை வாங்கிட்டுப் போயிரும்” என்றார். இரண்டாவது காரியம், வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, வயரின் இழுப்புக்கு நேர்கோட்டில் கொண்டுவந்து நிறுத்தியது. அதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. “பக்கவாட்டுல இழுத்தா லாரி வராது, என் வண்டிதான் போகும்” என்றார். அவர் இடது கையில் இரண்டு விரல் இல்லை.

டக்கும் அதேதான். வடம் நேர் பின்னால் இருக்கிற வரை டக்குக்குப் பலம். பின்னால் வரும் கப்பல் அலையில் ஒதுங்கி, வடம் பக்கவாட்டில் திரும்பிவிட்டால், அதே பலம் டக்கைக் குப்புறத் தள்ளும். சில விநாடி வேலை. அதனால்தான் வடத்தை நொடியில் கழற்றிவிட ஒரு கொக்கியோ விசையோ வைத்திருக்கிறார்கள். அந்த விசை துருப்பிடித்திருந்தால், அல்லது கை எட்டுவதற்குள் தரை சுவராகிவிட்டால், வானொலியை எடுக்கக் கூட நேரம் இருக்காது. ஜூபிடர்-6க்கு நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. ‘பலமான டக் எப்படி’ என்ற கேள்விக்கு இது பதில்.

நடுக்கடலில் தவிக்கும் கப்பலிடம் டக் கேப்டன்கள் பேரம் பேசுவார்கள் என்று படித்தேன். எரிகிற வீட்டில் பிடுங்குவது இல்லையா இது?
– காபித் தோட்டக் கணக்கர், நாகலூர்

கணக்கருக்குக் கணக்கோடு சொல்கிறேன். இந்தத் தொழிலின் அடிப்படை ஒப்பந்தத்துக்கு ‘லாயிட்ஸ் ஓப்பன் ஃபார்ம்’ என்று பெயர். 1908லிருந்து அச்சில் இருக்கிறது. சாரம் ஒரே வரி: கப்பல் மீளாவிட்டால் கூலி இல்லை. எவ்வளவு கூலி என்பதைக் கடலில் பேசவே வேண்டாம், காப்பாற்றிய பிறகு லண்டனில் நடுவர் முடிவு செய்வார். பேரம் பேசி நேரம் போகக் கூடாது என்பதற்காகவே வந்த காகிதம் அது. டீசல், ஆள், வடம், தேய்மானம் எல்லாம் மீட்கிறவன் தலையில். தோற்றால் சல்லிக்காசு வராது. ஜெயித்தால் மட்டும் பெரிய தொகை. அதைப் பார்த்துத்தான் ‘பிடுங்குகிறான்’ என்கிறோம்.

நீங்கள் படித்தது அநேகமாக ‘அமோக்கோ காடிஸ்’ கதையாக இருக்கும். 1978 மார்ச் 16, பிரான்ஸின் பிரிட்டனி கரை. காலை 9.46க்கு அந்த ராட்சத எண்ணெய்க் கப்பலின் சுக்கான் செத்துப்போனது. இழுவை உதவி வேண்டும் என்று கேப்டன் பாஸ்குவாலே பர்தாரி அழைத்தது 11.20க்கு. ஜெர்மன் டக் ‘பசிபிக்’ ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றது. அதன் கேப்டன் ஹார்ட்முட் வைனர்ட் ஓப்பன் ஃபார்ம் கேட்டார். பர்தாரி மணிக்கூலி போதும் என்றார், சிகாகோவிலிருந்த முதலாளியைக் கேட்க வேண்டும் என்றார். சம்மதம் வந்தபோது மாலை நான்கு மணி ஆகியிருந்தது. 4.15க்கு வடம் அறுந்தது. இரவு 9.04க்குக் கப்பல் பாறையில் உட்கார்ந்தது. சுமார் 2,20,000 டன் எண்ணெய் பிரிட்டனி கரை முழுக்க.

பேரத்தால்தான் கெட்டது என்று உலகமே அன்று அந்த டக் கேப்டனைத் திட்டியது. ஒரே ஒரு நேரத்தை மட்டும் விட்டுவிட்டுத் திட்டினார்கள். வடம் மாட்டியது பகல் இரண்டு மணிக்கு! கையெழுத்துக்குக் காத்திராமல், சம்மதம் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வைனர்ட் இழுக்கத் தொடங்கிவிட்டார். சிகாகோ நீதிமன்றம் 1984இல் தீர்ப்புச் சொன்னபோது பெரும்பழி கப்பல் முதலாளி மீதே விழுந்தது. சுக்கான் இயந்திரத்தைச் சரியாகப் பராமரிக்கவில்லை, ஆட்களைச் சரியாகப் பழக்கவில்லை என்றது தீர்ப்பு. காலை 9.46க்கும் 11.20க்கும் நடுவில் போன நேரம் எந்த டக் கேப்டனாலும் போனதல்ல.

பிரான்ஸ் ஒரு பாடம் படித்தது. விபத்துக்கு மறு ஆண்டே ப்ரெஸ்ட் துறைமுகத்தில் அரசு செலவில் ஒரு பெரிய டக்கை எந்நேரமும் தயாராக நிறுத்தியது. அதற்குப் பேரமே தேவையில்லை. நம் ஊரில் புயல் காலத்துக்கு மட்டும் டக் அமர்த்தும் பழக்கம் போதாது என்பது என் உறுதியான கருத்து.

கப்பலைக் காப்பாற்றினால் பணம். ஆளைக் காப்பாற்றினால்?
– கல்லூரி மாணவி, கோரிமேடு

காசு இல்லை. மீட்கப்பட்டவரிடமிருந்து வெகுமதி கேட்க முடியாது என்று 1989ஆம் ஆண்டின் சர்வதேச மீட்பு உடன்படிக்கையே சொல்கிறது. கப்பலும் சரக்கும் சேர்ந்து மீண்டால் அந்தத் தொகையில் ஒரு பங்கு வரலாம், அவ்வளவுதான்.

முதலில் கேட்கும்போது கோபம் வரும். யோசித்தால் பாதி நியாயம் தெரியும்: உயிருக்கு விலைப்பட்டியல் வைக்கக் கூடாது. மீதிப் பாதி இன்னும் கோபம்தான். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல் சென்னை பெசன்ட் நகர்க் கரையில் ஏறியது நினைவிருக்கும். உயிர்காக்கும் படகில் இறங்கியவர்கள் அலையில் கவிழ்ந்தார்கள், ஆறு பேர் இறந்தார்கள். அந்தக் கொந்தளிப்பில் மாலுமிகளைக் கரை சேர்க்க இறங்கியவர்களில் நம் குப்பத்து மீனவர்களும் உண்டு. கப்பலை இழுத்துப் போனவர்களுக்குச் சட்டத்தில் அத்தியாயமே இருக்கிறது. மீனவனுக்கு ஒரு பத்தி இல்லை. உயிருக்கு விலை வேண்டாம், உயிர் மீட்டவனுக்கு அன்று போன வலைக்கும் எஞ்சினுக்கும் அரசு ஈடு கட்டலாம் அல்லவா?

இந்த மீட்புச் சட்டம் எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததுதானே?
– செம்மடுவு வாசகர் (மறுபடியும்)

லாயிட்ஸுக்கு எழுநூறு ஆண்டு முன்னாலேயே தமிழில் கல்லில் வெட்டியிருக்கிறது. யாழ்ப்பாணம் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போனால் பார்க்கலாம். இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை, 12ஆம் நூற்றாண்டு. வெட்டிய மொழி தமிழ். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து இறங்கட்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் செம்பாதி அரசுக்கு, செம்பாதி உடையவனுக்கு. கல்வெட்டாய்வாளர் கா. இந்திரபாலா இதைப் படித்து வெளியிட்டார். ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை.

யானைக்கும் குதிரைக்கும் ஏன் சலுகை? படைக்கு வேண்டும், வரவைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. அரசன் கணக்குத் தெரிந்தவன்.

ஆந்திரத்தில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காகதீய மன்னர் கணபதிதேவர் 1244இல் இன்னும் ஒரு படி மேலே போனார். முன்பிருந்த அரசர்கள் புயலில் கரை ஒதுங்கிய கப்பலின் செல்வத்தை எல்லாம் அள்ளிக்கொண்டார்கள், நான் தீர்வை தவிர எதையும் எடுக்க மாட்டேன் என்று அபயம் கொடுத்தார். கடலில் எல்லாம் இழந்து நிற்பவனிடம் எதை எடுக்கக் கூடாது என்று யோசித்த அந்த மனம்தான் மீட்புச் சட்டத்தின் ஆணிவேர்.

‘சேலம்’ என்ற பெயரில் கப்பல் உண்டா?
– அஸ்தம்பட்டி சிறுவன், ஏழாம் வகுப்பு

உண்டு தம்பி. நம் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கதை உனக்குப் பிடிக்கும்.

1980 ஜனவரி 17. ஆப்பிரிக்காவின் செனகல் கரைக்கு அப்பால் ‘சேலம்’ என்ற ராட்சத எண்ணெய்க் கப்பல் மூழ்கியது. ‘பிரிட்டிஷ் டிரைடென்ட்’ என்ற கப்பல் போய் மாலுமிகளை ஏற்றிக்கொண்டது. திடீரென்று வெடித்தது, ஓடிவந்தோம் என்றார்கள். ஆனால் பெட்டி படுக்கை கட்டித் தயாராக இருந்தது. சாண்ட்விச் கூட மடித்து வைத்திருந்தார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் டன்னுக்கு மேல் எண்ணெய் மூழ்கிய இடத்தில் கடல் மேல் பெரிதாக எண்ணெய்ப் படலமே இல்லை.

எண்ணெய் எங்கே? வழியிலேயே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரகசியமாக இறக்கி விற்றாகிவிட்டது. நிறவெறி ஆட்சிக்கு எண்ணெய் விற்கக் கூடாது என்று உலகம் தடை போட்டிருந்த காலம். தொட்டிகளில் கடல் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்து, கடலின் ஆழமான இடமாகப் பார்த்துத் தாங்களே மூழ்கடித்தார்கள். இழந்த எண்ணெய்க்குச் சொந்தக்காரர் ஷெல் நிறுவனம். கப்பலை மீட்டெடுத்துச் சோதிக்க முடியாத ஆழம் என்று நம்பினார்கள், அது சரிதான். சாண்ட்விச்சை மறந்தார்கள்.

இன்னொன்றையும் கவனி. அந்தக் கப்பலின் பழைய பெயர் ‘சவுத் சன்’. பிறகு ‘சேலம்’. டர்பனில் நின்றபோது பெயிண்ட் அடித்து மாற்றி ‘லேமா’. ஒரு டப்பா பெயிண்டில் ஒரு கப்பல் வேறு கப்பலாகிவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள், கடைசிக் கேள்வியில் வேலை இருக்கிறது.

ஆளே இல்லாமல் கப்பல் கரைக்கு வருமா?
– கிளியூர், பக்கத்து வீட்டு அம்மா

வரும் அம்மா. ‘பவித்’ என்ற எண்ணெய்க் கப்பலை 2011 ஜூன் கடைசியில் ஓமானுக்கு அப்பால் மாலுமிகள் பதின்மூன்று பேரும் விட்டுவிட்டுப் போனார்கள். மூழ்கிவிடும் என்று எண்ணினார்கள். அது ஒரு மாதம் அரபிக்கடலில் தானாகவே நடந்து, ஜூலை 31 அன்று மும்பை ஜூஹு கரையில் வந்து நின்றது. கரையேறும் வரை அது வரும் சேதி யாருக்கும் எட்டவில்லை. அதே ஜூஹுவில் ஒன்றரை மாதம் முன்புதான், கொழும்பிலிருந்து அலங்குக்கு இழுத்துப் போன ‘விஸ்டம்’ என்ற கப்பல் வடம் அறுந்து வந்து ஏறியிருந்தது.

எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலை டக் இழுத்ததால்தானே அது மூழ்கியது?
– வாசகர், கொழும்பு வெள்ளவத்தை

இழுக்கும்போது மூழ்கியது. இழுத்ததால் என்று சொல்வது சரியல்ல. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, பன்னிரண்டு நாள் எரிந்து, வயிறு முழுக்கத் தண்ணீரோடு நின்ற கப்பலை ஜூன் 2 அன்று ஆழத்துக்கு இழுத்தார்கள். பின்பகுதி தரை தட்டிவிட்டது.

மூலம் அதற்கும் முன்னால். கப்பலில் 1,486 பெட்டிகள். ஒன்றில் நைட்ரிக் அமிலம் கசிந்தது. அதை இறக்கிக்கொள்ளுங்கள் என்று கத்தாரின் ஹமாத் துறைமுகத்தைக் கேட்டார்கள், குஜராத்தின் ஹசீராவைக் கேட்டார்கள். இரண்டும் மறுத்தன. கசியும் ஒரு பெட்டிக்கு இடம் கொடுத்திருந்தால் நீர்கொழும்பு மீனவர் வலையில் அந்தக் கப்பல் கொட்டிய பிளாஸ்டிக் மணி வந்திருக்காது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கப்பல் தரப்பை நூறு கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நோயாளியை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஆஸ்பத்திரியை நாம் மன்னிப்பதில்லை. துறைமுகத்தையும் மன்னிக்கக் கூடாது.

மீட்புத் தொழிலில் நீங்கள் வணங்கும் ஆள்?
– ஓய்வுபெற்ற வனக்காவலர், கொட்டச்சேடு

இரண்டு பேர். ஒருவர் கென்னத் டான்சி. ‘டர்மாயில்’ என்ற பிரிட்டிஷ் டக்கின் துணை அதிகாரி, 27 வயது. பிளந்துபோன ‘ஃப்ளையிங் என்டர்பிரைஸ்’ கப்பல் 1952 ஜனவரியில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. எல்லாரையும் அனுப்பிவிட்டு கேப்டன் கர்ட் கார்ல்சன் தன்னந்தனியாக அதில் இருந்தார். தனி ஆளால் கனமான வடத்தை ஏற்றிக் கட்ட முடியாது. டர்மாயிலின் கேப்டன் டான் பார்க்கர் டக்கை உரசும் தூரத்துக்குக் கொண்டுபோனார். டான்சி தாவிவிட்டார். சரிந்த தளத்தில் இரண்டு பேரும் தவழ்ந்து வடம் கட்டினார்கள். பல நாள் இழுத்தும் இங்கிலாந்துக் கரைக்குச் சுமார் 40 மைல் முன்னால் ஜனவரி 10 அன்று கப்பல் மூழ்கியது. இருவரும் சாய்ந்த புகைபோக்கியின் மேல் நடந்து கடலில் குதித்துத் தப்பினார்கள்.

இன்னொருவர் நெதர்லாந்தின் கேப்டன் ஸ்டால். 1967இல் ‘டோரி கேன்யன்’ எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்துக்கு அருகே பாறையில் ஏறியபோது மீட்கப் போனவர். எஞ்சின் அறை வெடித்து உயிர்விட்டார். டோரி கேன்யன் என்ற பெயர் உலகத்துக்கு ஞாபகம் இருக்கிறது. ஸ்டால் பெயரை நீங்கள் ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

என் தங்கை மகனுக்கு டக்கில் வேலை என்று ஓர் ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். அனுப்பலாமா?
– வாசகி, வாழவந்தி

வேலைக்கு அனுப்பலாம். மூன்று லட்சத்தை அனுப்ப வேண்டாம். வேலை வாங்கித் தர மாலுமியிடம் காசு கேட்பதே சட்டப்படி தப்பு. கேட்டவுடனேயே அந்த ஆளைத் தள்ளிவிடுங்கள்.

முறையான ஏஜென்ட் என்றால் மும்பையிலிருக்கும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆட்சேர்ப்பு உரிமம் வைத்திருப்பார். உரிம எண்ணை வாங்கி இயக்குநரகத்தின் பட்டியலில் நீங்களே பாருங்கள். பையனிடம் சி.டி.சி. என்ற மாலுமிப் பதிவுப் புத்தகம் இருக்க வேண்டும். வேலை ஒப்பந்தம் கப்பலில் ஏறுவதற்கு முன்னால் கையில் வர வேண்டும், அதில் சம்பளமும் திருப்பி அனுப்பும் பொறுப்பும் எழுதியிருக்க வேண்டும். ‘துபாயில் போய்க் கையெழுத்துப் போடலாம்’ என்றால் பெட்டியைப் பிரித்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

இனி, அஸ்தம்பட்டித் தம்பிக்குச் சொன்ன வேலை. கப்பலின் பெயரை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு பிரயோசனமில்லை. பெயர் பெயிண்ட். கொடியும் மாறும், முதலாளியும் மாறுவார். மாறாதது ஐ.எம்.ஓ. எண். ஏழு இலக்கம். 300 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களுக்கு 1996லிருந்து கட்டாயம். உடம்பில் பொறித்திருக்கும், உடைத்து நொறுக்கும் நாள் வரை அதே எண்தான். சிறிய டக் என்று அந்த எண் இல்லாவிட்டால், எந்த நாட்டுப் பதிவு, பதிவு எண் என்ன என்று கேளுங்கள்.

எண், பதிவு நாடு, முதலாளி நிறுவனத்தின் முகவரி, கடைசியாகப் பேசிய நாள், அன்று பையன் சொன்ன துறைமுகம். இந்த ஐந்தையும் வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள் அம்மா. சொன்ன நாளில் அழைப்பு வராவிட்டால் ஏஜென்ட்டிடம் கெஞ்சிக்கொண்டு ஒரு வாரம் போக்காதீர்கள், அன்றைக்கே அந்த ஏழு இலக்கத்தோடு இயக்குநரகத்துக்கு எழுதுங்கள். டக் கவிழ விநாடிகள் போதும். தேடத் தொடங்குவதற்கு ஒரு மாதம் ஆகக் கூடாது.